கிழங்குக் கொடியும் குலக்குறியும்

ஓவியத்தைக் காண்பது வேறு, படிப்பது வேறு. காண்பதற்குக் கண் போதும். படிப்பதற்கோ, வரைந்தவர் எந்த மண்ணில் நின்று வரைந்தார் என்னும் அறிவும் வேண்டும். ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்மணியாகிய எமிலி காமே உங்வாரே அவர்களின் ‘பெருங்கிழங்குக் கனவு’ என்னும் ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும்.

1995 ஆம் ஆண்டில் வரையப்பெற்ற இவ்வோவியம் மெல்பர்ன் நகரில், விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அகலம் ஏறத்தாழ 8 மீட்டர். உயரம் ஏறத்தாழ 3 மீட்டர். கருந்திரையில் வெண்கோடுகள், வேறு நிறமில்லை. கோடுகள் வளைந்தும் பின்னியும், பிரிந்தும் கூடியும் திரை முழுதும் பரந்து செல்கின்றன. தொடக்கம் எது, முடிவு எது என்று கூற இயலாது.

மேனாட்டுத் திறனாய்வாளர் பலர் அம்மையாரை ஜாக்சன் பொல்லாக் முதலிய ஓவியர்களோடு ஒப்பிட்டு, உருவங்கடந்த நவீன ஓவியர் எனப் பாராட்டினர். பாராட்டு தகுதியுடையதே. ஆயினும் அதில் ஒரு பிழை உண்டு. உருவமில்லை என்று அவர்கள் கருதிய இடத்தில் உருவம் இருக்கின்றது. மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கின் வேர்களே அக்கோடுகள்.

எமிலி அம்மையார் 1910 ஆம் ஆண்டையொட்டி மத்திய ஆஸ்திரேலியாவின் யூட்டோப்பியா வட்டாரத்தில் பிறந்தவர். அவர்தம் முன்னோர் நிலத்தில் பயற்றினக் கொடி ஒன்று படர்கின்றது. அதன் வேரில் உண்ணத்தக்க கிழங்கு விளையும். கொடி வாடிய பின்னர், நிலத்தில் தோன்றும் வெடிப்பைக் கண்டு, பெண்கள் கிழங்கிருக்கும் இடத்தை அறிந்து தோண்டுவர். அக்கொடியின் விதைக்கு அவர்கள் மொழியில் ‘காமே’ என்று பெயர். அம்மையாரின் பெயரிலேயே அது அமைந்திருத்தல் காண்க.

குலக்குறி என்றவுடன், கொடியிலும் முத்திரையிலும் பொறிக்கும் சின்னம் என எண்ணிவிடுதல் கூடாது. ஆதியில் முன்னோரே கிழங்காகவும் ஈமுப் பறவையாகவும் பிறவாகவும் தோன்றி நிலத்தை ஆக்கினர். இன்றும் அந்நிலத்தில் உறைகின்றனர் என்பது அம்மக்களின் கொள்கை. ‘கனவு’ என்னும் சொல் குறிப்பது இதனையே. உறக்கத்திற் காணும் கனவை அன்று. ஆகவே, கிழங்கை வரைதல் முன்னோரை வரைதலாகும், தம்மையே வரைதலுமாகும். அவ்வுரிமை குடிவழியாக வருவது. பிறர் குறியை விரும்பியவாறு எடுத்தாளுதல் அவர்களிடத்தே பெருங்குற்றம்.

இக்கோடுகள் திரையில் முதன்முதல் தோன்றியவை அல்ல. சடங்குக் காலத்தில் பெண்கள் தம் மார்பிலும் தோளிலும் கோடு தீட்டிப் பாடி ஆடுவர். 1979 ஆம் ஆண்டில் நடைபெற்ற நிலவுரிமை விசாரணையில், யூட்டோப்பியப் பெண்கள் அச்சடங்கை ஆடிக்காட்டித் தம் உரிமையைப் புலப்படுத்தினர். நமக்கு நிலப்பட்டா எதுவோ, அவர்களுக்கு அக்கோடு அதுவாயிற்று!

1977 முதல் அப்பெண்கள், இங்கு நாம் நன்கறிந்த பாத்தேக் கலையைப் பயின்றனர். உருக்கிய மெழுகால் துணியில் கோடிழுத்துப் பழகிய அம்மையார், எண்பது வயதை நெருங்கிய காலத்திலேதான் திரையில் வரையத் தொடங்கினார். 1996 இல் மறைவதற்குள் ஏறத்தாழ 3,000 ஓவியங்கள் வரைந்தார் என்பர். அனைத்தும் ஒரே தரத்தன என்று சொல்வதற்கில்லை. விற்பனையாளரின் நெருக்குதலும் விரைவும் சிலவற்றிற் புலனாகின்றன. ஆனால், ‘பெருங்கிழங்குக் கனவில்’ அவ்விரைவின் சுவடில்லை. எட்டு மீட்டர் அகலத்திலும் கை தளரவில்லை, கோடு ஐயுறவில்லை. அறிந்த வழியில் நடப்பவரின் உறுதி அது.

“இவையெல்லாம் அறியாமலே அழகைச் சுவைக்கலாகாதா?” என வினவலாம். சுவைக்கலாம். ஆனால், பொருளறியாது பாட்டின் ஓசையை மட்டும் கேட்டு மகிழ்வது போன்றதே அச்சுவை. ஓசை இன்பந்தான், பாட்டு அதனோடு முடிவதில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. நானும் ஒருகால் ஓவிய வகுப்பில், “ஆஸ்திரேலியப் பழங்குடியினர்போல் புள்ளி வைத்து வரையுங்கள்” என்று மாணவரை ஏவியவனே. பிள்ளைகள் மகிழ்ந்து வரைந்தனர். நான் கற்பித்ததோ பிறர் வீட்டுப் பட்டாவைப் படியெடுக்கும் வேலை! இனி அவ்வாறு செய்யேன். முதலில் அக்கிழங்கின் கதையைச் சொல்வேன், பின்னர், “உங்கள் பாட்டி எந்த மண்ணை அறிந்தவர்? கேட்டு வந்து, அதனை வரையுங்கள்” என்பேன்.