பாடியவள் இயக்குநரானாள்: தமிழ்த் திரையில் குரலும் அதிகாரமும்

தமிழ்த் திரைப்படத்தில் பாடிய பெண்கள் பலர். நடித்தவர்கள் அதைவிடப் பலர். படம் இயக்கியவர்களும் இன்று ஓரளவு இருக்கிறார்கள். பாட்டு, நடிப்பு, இயக்கம் மூன்றையும் ஒருசேரக் கையாண்டு மூன்றிலும் தன் முத்திரையைப் பதித்தவர்கள் யார் என்று தேடினால், டி. பி. ராஜலட்சுமி, பி. பானுமதி என்ற இரண்டு பெயர்களே பளிச்சென்று முன்னால் வந்து நிற்கின்றன. நூறாண்டை எட்டிவிட்ட ஒரு கலைத்துறையில் இது மிகக் குறைந்த அறுவடை. திறமைப் பஞ்சம் இதற்குக் காரணமல்ல. பாட்டு நடிகையின் தொண்டையிலேயே இருந்தவரை அவளுக்குப் பேரம் பேசும் பலம் இருந்தது. அந்தப் பலம்தான் இருவரையும் இயக்குநர் இடம்வரை கொண்டுசேர்த்தது. குரல் வேறு, முகம் வேறு என்று ஆனபின் அந்த வழி குறுகியது. இக்கட்டுரை நிறுவ விரும்புவது இதைத்தான்.

வேலூரின் இரண்டு முனைகள்

இந்த வரலாற்றின் இரண்டு முனைகளும் ஆற்காட்டு மண்ணில் இருக்கின்றன. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசக வதம்’ படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் 1885இல் வேலூரில் பிறந்தவர். மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமரா வேலையைக் கற்றுக்கொண்டார். சென்னை புரசைவாக்கத்தில் மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ அமைத்து, முதல் உலகப் போர்க் காலத்தில் அந்தப் படத்தை முடித்தார்.

அவர் தேர்ந்த கதை திரௌபதியுடையது. வட ஆற்காட்டுக்கு அவள் வெறும் கதாபாத்திரம் அல்ல, அம்மன். ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ஆனால் அந்தக் கூத்தில் சபையின் நடுவே நின்று நியாயம் கேட்கும் திரௌபதியின் குரல் வழிவழியாக ஆணின் குரல்; பெண் வேடம் கட்டியவர்கள் ஆண்களே. மௌனப் படத்திலோ யாருக்கும் குரலே இல்லை. கீசகனின் தொல்லைக்கு ஆளான பெண் சொல்ல நினைத்தது, ஆண்கள் எழுதிய எழுத்து அட்டையாக மட்டுமே திரைக்கு வர முடிந்தது.

மறுமுனை வாணி ஜெயராம். 1945இல் வேலூரில் பிறந்தவர். 1971இல் இந்திப் படமான ‘குட்டி’ மூலம் நாடறிந்தார். ‘அபூர்வ ராகங்கள்’, ‘சங்கராபரணம்’, ‘ஸ்வாதி கிரணம்’ ஆகிய படங்களின் பாடல்களுக்கு மூன்று முறை தேசிய விருது பெற்றார். 2023இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்ட சில நாட்களில் மறைந்தார். அவர் பாடினார், திரையில் வேறொருவர் வாயசைத்தார். ஒரு வேலூர்க்காரர் குரலில்லாத முகங்களைத் தந்தார், இன்னொரு வேலூர்க்காரர் முகம் காட்டாத குரலைத் தந்தார். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் குரலும் முகமும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருந்தன.

ராஜலட்சுமி: மேடையிலிருந்து மிஸ் கமலா வரை

1911இல் திருவையாற்றில் பிறந்த ராஜலட்சுமிக்குச் சிறுமியாக இருக்கும்போதே மணம் செய்துவைத்தார்கள். அந்த வாழ்வு நிலைக்கவில்லை. தந்தையும் மறைந்தபின் தாயுடன் திருச்சிக்கு வந்து நாடகத்தில் சேர்ந்தார். பிராமணக் குடும்பத்துப் பெண் நாடகமேடை ஏறுவதை ஊர் ஏற்காத காலம் அது. அவருக்குச் சோறு போட்டது பாட்டு. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி விடிய விடியப் பாட வேண்டும். ஹார்மோனியக்காரர் சுருதியை ஏற்றினால் ஏற வேண்டும். எதிரே நிற்கும் ராஜபார்ட் எடுத்துவிடும் எதிர்ப்பாட்டுக்கு அங்கேயே பதில் கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சியோடுதான் அவர் பம்பாய்க்குப் போனார்.

அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிக்காக எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. கதாநாயகன் தெலுங்கில் பேச, ராஜலட்சுமி தமிழில் பேசினார். தியாகராஜர் கீர்த்தனையும் பாடினார், மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டும் பாடினார். காளிதாசன் கதைக்கு இவற்றால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் கூட்டம் வந்தது, அந்தக் குரலைக் கேட்கத்தான்.

1936இல் அவர் ‘மிஸ் கமலா’ படத்தை எடுத்தார். கதை அவரே எழுதிய ‘கமலவல்லி’ நாவல். தயாரிப்பு, இயக்கம், கதாநாயகி வேடம் எல்லாம் அவரே. இந்தியாவில் பாத்திமா பேகம் 1926இல் படம் இயக்கியிருந்தார். தென்னிந்தியாவில் ராஜலட்சுமிதான் முதல் பெண் இயக்குநர். புராணக் கதையே விலைபோன காலத்தில், அவர் கையிலெடுத்தது தன் காலத்துப் பெண்ணின் மணவாழ்வு. அந்தப் படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை. ‘காளிதாஸ்’ படமும் இல்லை. ‘சினிமா ராணி’ என்று கொண்டாடப்பட்டவர் 1964இல் மறைந்தபோது அந்தப் பட்டத்துக்குரிய செல்வம் எதுவும் அவரிடம் மிஞ்சியிருக்கவில்லை.

பாட்டின் விலை

ராஜலட்சுமி காலத்தில் பாட்டுக்கு இருந்த மதிப்பை ஒரு தொகை காட்டிவிடும். 1935இல் வெளியான ‘பக்த நந்தனார்’ படத்துக்குக் கே. பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். கேமரா ஓடும்போதே மைக் முன்னால் பாட வேண்டியிருந்ததால், வாத்தியக்காரர்கள் படச்சட்டத்துக்கு வெளியே ஒளிந்து வாசித்தார்கள். பாடத் தெரியாதவர் நாயகியாக முடியாது. பாடத் தெரிந்தவரை முதலாளி எளிதில் மாற்றிவிடவும் முடியாது.

1938இல் ஏ. வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவருக்காக இன்னொருவர் பாடும் உத்தி வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அது பொதுவிதியாகிவிட்டது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோல் வெட்டுவது ஒருவர், அப்பர் தைப்பது ஒருவர், சோல் ஒட்டுவது இன்னொருவர். முழு ஷூவை எவரும் தன் கைவேலை என்று சொல்லிக்கொள்ள முடியாது. சினிமாவும் நடிகையை அப்படித்தான் பிரித்தது. முகம் ஒருவருடையது, குரல் ஒருவருடையது, சில சமயம் வசனம் பேசுவதும் வேறொருவர். இந்தப் பிரிவினை பி. சுசீலா, எஸ். ஜானகி, வாணி ஜெயராம் போன்ற மகத்தான பாடகிகளைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. அதற்கு நடிகை கொடுத்த விலையைத்தான் நாம் இன்னும் எழுதவில்லை.

பானுமதி: பிரிய மறுத்தவர்

இந்தப் பிரிவினைக்கு உடன்படாதவர் பானுமதி. 1925இல் ஓங்கோல் அருகே தொட்டாவரத்தில் பிறந்து, தந்தையிடம் இசை கற்று, 1939இல் வரதட்சணைக் கொடுமையைச் சாடும் ‘வரவிக்ரயம்’ தெலுங்குப் படத்தில் அறிமுகமானார். 1948இல் எம். கே. தியாகராஜ பாகவதருடன் நடித்த ‘ராஜமுக்தி’ மூலம் தமிழுக்கு வந்தார். தன் முகத்துக்கு இன்னொரு பாடகியின் குரலை அவர் எளிதில் ஏற்கவில்லை. பெரும்பாலான நாயகிகள் வாயசைத்த ஐம்பதுகளிலும் தன் பாட்டைத் தானே பாடினார்.

இதன் பலனை ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தில் கண்ணாரக் காணலாம். மார்ஜியானா ஓர் அடிமைப் பெண். ஆனால் பானுமதி பாடத் தொடங்கியதும், சுரம் வளையும் இடத்திலேயே புருவம் வளைகிறது. மூச்சு எடுக்கும் இடத்தில் தோள் ஏறி இறங்குகிறது. பாட்டின் குறும்பும் கண்ணின் குறும்பும் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. அடிமையின் வாயிலிருந்து ஓர் அரசியின் தோரணை வருகிறது. ஆறு ஆண்டு கழித்து ‘அன்னை’ படத்தில் வளர்ப்புத் தாயாகப் பாடும்போது அதே குரல் கனத்து, உடைமையும் அச்சமும் கலந்து ஒலிக்கிறது.

குரல் தந்த பலத்தை அவர் மூலதனமாக்கினார். கணவர் பி. எஸ். ராமகிருஷ்ணா ராவுடன் சேர்ந்து, மகன் பெயரில் பரணி பிக்சர்ஸையும் பின் பரணி ஸ்டூடியோவையும் நிறுவினார். 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கி, இரட்டை வேடத்தில் தானே நடித்தார். என். டி. ராமராவ் அவர் இயக்கத்தில் நாயகன். அப்போது பானுமதிக்கு இருபத்தெட்டு வயதுகூட நிறையவில்லை. பிறகு ‘இப்படியும் ஒரு பெண்’ (1975), முழுக்கக் குழந்தைகளே நடித்த தெலுங்குப் படமான ‘பக்த துருவ மார்க்கண்டேயா’ (1982) என இயக்கம் தொடர்ந்தது. இசையமைத்தார், தெலுங்கில் ‘அத்தகாரி கதலு’ என்ற மாமியார் கதைகளை எழுதினார், தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். 1966இல் பத்மஸ்ரீ, 2001இல் பத்மபூஷண். 2005இல் மறைந்தார்.

அவரைத் ‘தலைக்கனம் பிடித்தவர்’ என்று திரையுலகம் சொல்லிவந்தது. எம்.ஜி.ஆர். முதன்முறையாக இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) படத்திலிருந்து கருத்து வேறுபாட்டால் பாதியில் விலகினார். அவர் பாத்திரம் இறந்துவிடுவதாகக் கதை மாற்றப்பட்டது. ஐந்து ஆண்டுக்கு முன்பே படம் இயக்கி, சொந்த ஸ்டூடியோவும் வைத்திருந்த ஒருவர் படப்பிடிப்பில் அபிப்பிராயம் சொல்வது எப்படித் தலைக்கனமாகும்? ஆண் செய்தால் ஆளுமை, பெண் செய்தால் அகம்பாவம் என்ற அளவுகோலைத் திறனாய்வாளர்கள் இனியாவது கைவிட வேண்டும்.

அவர்களுக்குப் பின்

பின்னால் வந்தவர்கள் குறைந்தவர்கள் அல்லர். சாவித்திரி 1969இல் ‘குழந்தை உள்ளம்’ படத்தையும் 1971இல் ‘பிராப்தம்’ படத்தையும் இயக்கினார். லட்சுமி ‘மழலைப் பட்டாளம்’ (1980), சுஹாசினி ‘இந்திரா’ (1995), லட்சுமி ராமகிருஷ்ணன் ‘ஆரோகணம்’ (2012) எனத் தொடர் அறுபடவில்லை. ஆனால் நடிப்பிலிருந்து இயக்கத்துக்கு வந்த இவர்களை யாரும் பாடகியாக அறிந்ததில்லை. ஆண்ட்ரியா, ஸ்ருதி ஹாசன் போன்று பாடியும் நடித்தும் வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதுவரை இயக்கத்துக்கு வரவில்லை.

ஆய்வாளர்களும் இந்தப் பிரிவினையை அப்படியே பின்பற்றிவிட்டார்கள். இசை எழுதுபவர் பாட்டை மட்டும் பார்க்கிறார். திரைப்படம் எழுதுபவர் இயக்கத்தை மட்டும் பார்க்கிறார். அதனால் ராஜலட்சுமி ‘முதல் நாயகி’ என்ற ஒற்றை வரியிலும், பானுமதி ‘திமிரான நடிகை’ என்ற துணுக்கிலும் அடங்கிப்போனார்கள். படங்கள் அழிந்திருந்தாலும் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் விளம்பரத் தாள்களும் இசைத்தட்டுகளும் முற்றாக அழிந்துவிடவில்லை. வேலூர், ஆற்காடு, திருச்சி வட்டாரத்துப் பழைய வீடுகளிலும் வாசகசாலைகளிலும் அவற்றைத் தேடித் தொகுப்பது நம் பல்கலைக்கழகங்கள் உடனே மேற்கொள்ள வேண்டிய பணி. பாட்டையும் நடிப்பையும் இயக்கத்தையும் சேர்த்து வாசிக்கும்போதுதான், இந்த இரு பெண்களும் விதிவிலக்கான மேதைகள் மட்டும் அல்லர், தம் உழைப்பின் கருவி முழுவதையும் தம் கையிலேயே வைத்திருந்தவர்கள் என்பது புலப்படும். அதை விட்டுக்கொடுக்காததே இவர்களை இயக்குநர் இடம்வரை கொண்டுசேர்த்தது என்ற பாடம், இன்று கேமராவைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் உரியது.