துரையின் கடிதங்களும் தோட்டத்தின் துண்டும்

ஒரு குடும்பத்தின் பழைய கடிதங்கள் நிலைத்திருப்பது தற்செயலன்று. அவற்றை எழுதக் கல்வியும், வைத்துக் காக்க உறுதியான கூரையும் வேண்டும். இலங்கைத் தேயிலைத் தொழிலின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொத்லாந்திலிருந்த தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு ஆஞ்சலா மக்கார்த்தியும் டி. எம். டிவைனும் 2017இல் அவரைப் பற்றி நூலொன்று வெளியிட்டனர்.

டெய்லர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையல்லர். சக்கரம் செய்யும் தச்சரின் மகன். 1852இல், பதினாறு வயதில், இலங்கைக்கு வந்தார். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் பங்களா விறாந்தையில், மேசைமீது கைகளாலேயே கொழுந்து உருட்டப்பட்டது. 1872 அளவில் அவ்வேலைக்குத் தாமே ஒரு பொறியை அமைத்தார். அந்த உழைப்பையும் அறிவையும் நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆயின், பொறிக்கு முன்பு உருட்டிய கைகள் யாருடையவை? கொழுந்து பறித்தவர்கள் ஊரிலிருந்த தம் தந்தையருக்கு என்ன எழுதியிருப்பார்கள்? எழுதும் கல்வி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அவர்களின் வாழ்வைக் கட்டிப்போட்ட காகிதம் 'துண்டு'. குறித்த கடனைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. 1921இலேதான் அம்முறை ஒழிந்தது. டெய்லரின் கடிதம் மகனின் குரல். துண்டோ கடன்காரனின் கணக்கு.

காகிதமில்லாதவரிடமே பின்னர் காகிதம் கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கோரியது. பல தலைமுறைகளாக மலையை வளமாக்கியோர் நாடற்றவராயினர்.

எங்கள் ஊவாவில், 2014 அக்டோபர் 29 காலை, மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2005இலும் 2011இலும் எழுந்த எச்சரிக்கைகள் காகிதத்திலேயே தங்கிவிட்டன. மனிதரோடு பெட்டியிலிருந்த பிறப்புப் பத்திரமும் திருமணப் படமும் மண்ணுக்குள் போயின. ஒரு குடும்பத்தின் கடிதங்கள் நூற்றைம்பது ஆண்டுகள் வாழ்கின்றன. மற்றொன்றின் ஆவணம் ஒரு காலைப்பொழுதில் அழிகிறது. இவ்வேறுபாட்டை மறந்து டெய்லரின் கடிதங்களைப் படிப்பது அரைப் படிப்பே.

ஆசிரியர்களே, மாணவர்களே! லயத்துப் பெட்டியிலுள்ள கடிதங்கள், செக்ரோல் புத்தகங்கள், சங்கத்துச் சந்தாச் சீட்டுகள், முதியோரின் நினைவுகள் ஆகியவற்றைப் படியெடுத்துப் பாதுகாப்போம். பாதுகாப்பான வீடு கோருவதும் நம் வரலாற்றைக் கோருவதும் ஒரே போராட்டத்தின் இரு பகுதிகளே.