‘சகுணா’ – கீழ்ப்படிதலுக்கு வெளியே ஒரு விசுவாசம்

கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார் (1862–1894) ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’, 1887–88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழில் தொடராக வெளிவந்து, அவர் மறைந்தபின் 1895இல் நூலுருப் பெற்றது. சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கையின் கதை என்கிறது துணைத்தலைப்பு. அதை நம்பி, இதனை மிஷனெரி ஊழியத்தின் நற்கனிகளுள் ஒன்றாகப் படித்து வைத்துவிடுவது எளிது. நமக்கு அவ்வாறு படிக்க இயலவில்லை.

பிராமண குலத்தினின்று கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பத்தின் மகள் சகுணா. பெரும்பாலும் ஆசிரியரே அவள். ஆண்டவரை அறிந்த வீடுதான். ஆயினும், பெண்பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு என்னும் பழைய சட்டம் அவ்வீட்டைவிட்டு அகன்றபாடில்லை. அதற்கு அப்பாலோ மிஷன் பள்ளியின் கட்டுப்பாடு, வெள்ளைச் சீமாட்டிகளின் மேலிருந்து இறங்கிவரும் தயவு. இவ்விரண்டையும் அவள் எதிர்க்கிறாள், கிறிஸ்துவை மறுக்கிறாளில்லை. இந்த வேறுபாட்டைக் காணாதவர் நூலையே காணாதவர் என்போம். அடக்கத்தைப் பக்தியென்று எண்ணிப் பழகிய நமக்கு, அடங்க மறுக்கும் பக்தி எளிதில் விளங்குவதில்லை.

குறையும் உண்டு. மருத்துவம் கற்கத் துடித்தவளின் போராட்டம் இறுதியில் திருமணத்தில் வந்து ஓய்ந்துவிடுகிறது. இத்தனை பாடும் இதற்குத்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் நாவல் நின்ற இடத்தில் வாழ்க்கை நிற்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1878இல் சேர்ந்து, உடல்நலம் குன்றிப் படிப்பை இழந்த கிருபாபாய், 1881இல் சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். கணவர் உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அம்மலையிலே அம்மையார் முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்; தோதவரைக் கண்டு வந்து கட்டுரையும் எழுதினார். கட்டுரையின்கீழ் தம் பெயரை இடவில்லை. ‘இந்திய மாது ஒருத்தி’ என்றே ஒப்பமிட்டார். கதையில் அத்தனை துணிவாகப் பேசியவர் பெயரை மறைத்தே எழுதத் தொடங்கினார் என்பதை நாம் மறத்தலாகாது.

திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் வகுப்பில் ஓயாது வினவும் பெண்ணை நாம் இன்றும் ‘அடங்காதவள்’ என்றே குறித்துக்கொள்கிறோம். அத்தகையவளை அடுத்து அழைத்துப் பேசுமுன், பள்ளி வாழ்க்கையைச் சொல்லும் அதிகாரங்களையாவது ஆயர்கள் ஒருமுறை படிப்பார்களாக. காதலும் மணமும் வரும் கடைசிப் பகுதியை விரைந்து கடந்துவிடலாம், இழப்பொன்றுமில்லை.