ஹை நூன்: கொல்லாமையும் கோழைத்தனமும்

‘கௌபாய் படம்’ என்றால் குதிரை, துப்பாக்கி, தூசி பறக்கும் வீதி. நம் வீடுகளில் இவ்வளவுதான் நினைப்பு. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமணனுக்கு அதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. 1952இல் பிரெட் ஜின்னமன் இயக்கிய ‘ஹை நூன்’, கொல்லாமையையே உரைகல்லில் உரசிப் பார்க்கிற படம்.

கதை சிறிசுதான். ஹாட்லிவில் என்ற சிற்றூரின் காவல் அதிகாரி வில் கேன் (கேரி கூப்பர்). ஏமியை (கிரேஸ் கெல்லி) மணந்து பதவியை விட்டுப் புறப்படும் அன்றே, அவர் சிறைக்கு அனுப்பிய பிராங்க் மில்லர் விடுதலையாகி, பழிதீர்க்க நண்பகல் ரயிலில் வருகிறான். கூட்டாளிகள் மூவர் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். படம் ஓடுவது சுமார் 85 நிமிடம். கதையில் கழியும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே. கடிகாரத்தைக் காட்டிக் காட்டியே நம்மைப் பதற வைக்கிறார்கள். கூப்பரின் நடிப்பு, படத்தொகுப்பு உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன.

எல்லோரும் கேனின் வீரத்தைப் புகழ்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது ஏமியின் சோதனை. தந்தையையும் சகோதரனையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து, போரையும் கொலையையும் மறுக்கும் குவேக்கர் நெறியைத் தழுவியவள் அவள். சண்டைக்கு நிற்கும் கணவனை விட்டு ரயிலேறுகிறாள். முதல் வெடிச்சத்தம் கேட்டதும் இறங்கி ஓடிவந்து, கணவனைக் கொல்ல வந்தவர்களில் ஒருவனை ஜன்னல் வழியே முதுகில் சுடுகிறாள்.

‘பார்த்தீர்களா, அஹிம்சை தோற்றுவிட்டது’ என்பார் உண்டு. நான் ஒப்பமாட்டேன். சமண நூலோர் ஹிம்சையை நான்காகப் பிரித்தார்கள்: வேண்டுமென்றே செய்வது, இல்லற வேலைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. துறவி நான்கையும் விடவேண்டும். இல்லறத்தாருக்கு அணுவிரதம், முதலாவதை அறவே விடவேண்டும், மற்றவற்றை இயன்றவரை குறைக்கவேண்டும். அதற்காக, தற்காப்பில் செய்த கொலைக்கு வினை ஒட்டாது என்று அர்த்தமில்லை. படத்திலும் அந்த நிதானம் இருக்கிறது. சுட்ட ஏமியின் முகத்தில் வெற்றிக்களிப்பு இல்லை. யாரும் அவளைப் பாராட்டவும் இல்லை. பாரம் அவளோடுதான் போகிறது.

சரி, துப்பாக்கியைத் தொடாத ஊரார் எல்லாம் அஹிம்சாவாதிகளா? மாதா கோயில் காட்சியைக் கவனியுங்கள். ஊர்ப்பெரியவர் ஒருவர் கேனை வாயாரப் புகழ்கிறார். பிறகு, வீதியில் சண்டை நடந்தால் வடக்கேயிருந்து முதல் போட வருகிறவர்கள் பின்வாங்கிவிடுவார்கள், நீ ஊரைவிட்டுப் போவதே நல்லது என்று முடிக்கிறார். கடைத்தெருவில் ஆயுளைக் கழித்தவன் நான். இந்தக் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது. இது அஹிம்சை இல்லை, லாப நஷ்டம். ஏமி ஒருத்திக்குத்தான் கொல்லாமை விரதம். மற்றவர்களுக்கு அது சௌகரியம்.

திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன் இதைப் பட்டறிந்தவர். கம்யூனிஸ்டு வேட்டை நடந்த 1951இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றார். யாரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார். படவுலகம் அவரைக் கைவிட, இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

ஆபத்து தீர்ந்ததும் ஊரார் கூடுகிறார்கள். கேன் அவர்களிடம் ஒரு சொல் பேசவில்லை. பதவிச் சின்னத்தைக் கழற்றி மண்ணில் போட்டுவிட்டு ஏமியோடு வண்டியேறுகிறார். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். கேன் செய்தது சரியா என்று கேட்பதை விட, அந்தக் கோயிலில் நாம் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்போமா என்று கேட்டுப் பாருங்கள்.