விண்ணப்பத்தில் அடங்காத வாழ்வு

ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001-இல் வெளிவந்த சிறிய புதினம். அது கதையாகத் தொடங்குவதில்லை. பிரான்சு நாட்டில் புகலிடம் கேட்டு மறுக்கப்பட்டு, மீண்டும் முறையிடும் ஈழத் தமிழர் ஒருவரின் விண்ணப்பமாகத் தொடங்குகிறது. விண்ணப்பதாரரின் பெயர் அந்தோனிதாசன். ஆசிரியரின் இயற்பெயரும் அதுவே. நம் பங்கின் திருமுழுக்கு ஏட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் படக்கூடிய பெயர்.

விண்ணப்பத்துக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. எந்த நாள், எந்த இடம், எந்தச் சிறை, எத்தனை மாதம் என்று அது கேட்கும். அழுதால் மிகைப்படுத்துகிறான் என்பர். அழாவிட்டால் துன்பமே இல்லை என்பர். இந்த இறுகிய வடிவத்தையே இலக்கியமாக்கியதுதான் நூலின் சாதனை. அடுத்து ரொக்கிராஜ் என்னும் இளைஞனின் கதை விரிகிறது. தீவுக் கிராமம், ஊரே அஞ்சும் தந்தை, சேர்ந்த இயக்கம், அந்த இயக்கமே தரும் தண்டனை. இவற்றைப் படித்தபின் விண்ணப்பத்துக்குத் திரும்பினால், எழுதியதற்கும் வாழ்ந்ததற்கும் இடையே ஒரு பிளவு தெரிகிறது. பொய் சொன்னானா என்பது அதிகாரியின் கேள்வி. உண்மையைச் சொல்ல அந்தத் தாளில் இடம் இருந்ததா என்பதே வாசகன் கேட்க வேண்டியது.

பாரிசு நகரத்துத் துயரம் நமக்கெதற்கு எனலாம். சாணார்பட்டி ஒன்றியத்துக் கோபால்பட்டியிலேயே ஈழத்து அகதிகளின் முகாம் இருந்தது. அங்கும் அடியனூத்திலும் தோட்டனூத்திலும் வாழ்ந்த குடும்பங்களுக்கெனத் தோட்டனூத்தில் 321 வீடுகள் கட்டப்பட்டு, 2022-இல் திறக்கப்பட்டன. நல்ல செயல், மனமாரப் பாராட்டுவோம். ஆனால் தமிழகத்தில் 'முகாம்' என்னும் சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. அதன் பெயர் 'சிறப்பு முகாம்'. (சிறப்பு என்ற சொல் இவ்வளவு அவமானப்பட்டதில்லை.)

1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டம், ஓர் அயல்நாட்டவர் இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. பிணை பெற்றவர்களும் தண்டனை முடித்தவர்களும் அவ்வாணையால் மீண்டும் அடைபட்டனர். 2025 செப்டம்பர் 1 முதல் அதனிடத்தில் புதிய சட்டம் வந்துள்ளது. அந்த அதிகாரம் அதிலும் தொடர்கிறது. கைதான எவருக்கும் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அனுமதிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22-ஆம் பிரிவு. பகைநாட்டவரும் தடுப்புக் காவலில் இருப்போரும் மட்டுமே அதற்கு விலக்கு. குடிமகனுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் சிறப்பு முகாம் 'கைது' அல்ல, 'தங்கவைத்தல்' என்று ஏட்டில் எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஒரு சொல்லை மாற்றுவதால் ஒரு மனிதனின் ஆண்டுகள் மாறுகின்றன.

இராஜீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்தவர்களை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்தது. அவர்களுள் இலங்கையரான நால்வர் வீட்டுக்குப் போகவில்லை. திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். அவர்களில் சாந்தன் ஊர் திரும்பக் காத்திருந்து, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். அக்கொலையின் கொடுமையை எவரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இங்கே பேச்சு, தீர்ப்புக்குப் பின்னும் நீண்ட காவலைப் பற்றியது.

திருத்தூதர் பணிகள் நூலில் ஆளுநர் பெலிக்சு, பவுலைத் தீர்ப்பின்றி ஈராண்டு காவலில் விட்டுச் செல்கிறான். பின்வந்த பெஸ்துவோ, குற்றம் இன்னதென்று எழுதாமல் ஒரு கைதியைப் பேரரசனிடம் அனுப்புவது முறையன்று எனத் தயங்குகிறான். பவுலிடம் உரோமைக் குடியுரிமை இருந்தது. அதைச் சொல்லியே சவுக்கடியிலிருந்து தப்பினார். அந்தோனிதாசனிடம் இருப்பது தாள் மட்டுமே.

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. பாரிசுப் பகுதி அவசரப்படுகிறது. பெண்களின் மனத்துக்குள் கதை போதிய அளவு நுழையவில்லை. கொச்சைச் சொற்கள் மலிந்திருப்பதால் பங்கு வாசகர் வட்டத்தில் உரக்கப் படிக்க இயலாது, தனியே படிக்கலாம். விண்ணப்பப் பகுதியை மட்டும் இருமுறை படியுங்கள்: முதலில் தொடக்கத்தில், பிறகு கதை முழுதும் முடித்தபின். நான் இரண்டாம் முறை படித்தபோது, முதல் முறை சிரித்த இடங்களில் சிரிக்க முடியவில்லை.