பாட்டில் விழும் வசையும் உடம்பில் விழும் அடியும்: ராப் இசையை முன்வைத்துச் சில குறிப்புகள்

ராப் பாட்டில் பெண் எப்படிச் சித்திரிக்கப்படுகிறாள் என்று பேச்செடுத்தால் போதும், 'ஆபாசம்' என்கிற சொல் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு இந்தச் சொல்லின் மேலேயே சந்தேகம். ஒழுக்கவாதிகள் இதைச் சொல்லித் தடை கேட்கிறார்கள். கலைச் சுதந்திரம் பேசுகிறவர்கள் 'இது ஆபாசமில்லை, கலை' என்று பதில் சொல்கிறார்கள். பாட்டில் பெட்டை நாயென்றும் வேசியென்றும் வையப்படுகிற கறுப்புப் பெண் இந்த இரண்டு பேச்சிலும் கிடையாது.

1990 ஜூனில் ஃப்ளோரிடாவில் ஒரு கூட்டரசு நீதிபதி 'டூ லைவ் க்ரூ' குழுவின் இசைத்தொகுப்பை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். அதை விற்ற கடைக்காரரும் மேடையில் பாடியவர்களும் கைதானார்கள். அக்டோபரில் ஜூரி பாடகர்களை விடுவித்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீதிபதியின் தீர்ப்பையும் தள்ளியது. பாடகர்களுக்காகச் சாட்சி சொன்ன ஹென்றி லூயி கேட்ஸின் வாதம் இது: மிகைப்படுத்தி வைவது, நையாண்டி செய்வது எல்லாம் கறுப்பர்களின் வாய்மொழி மரபு, அதை நேர்ப்பொருளில் வாசிக்கக் கூடாது. நல்ல வாதம்தான். கறுப்பன் வாயைத் திறந்தால் மட்டும் போலீசுக்கு ஏன் ஒழுக்கம் ஞாபகம் வருகிறது என்று கேட்காமல் இந்த வழக்கைப் பேசவே முடியாது.

ஆனால் கிம்பர்லே கிரென்ஷா 1991இல் எழுதிய கட்டுரை இரண்டு தரப்பையும் ஒருசேர மறுத்தது. வழக்கில் இனவெறி இருக்கிறது, பாட்டில் பெண்வெறுப்பும் இருக்கிறது, ஒன்றைக் காட்டி இன்னொன்றை மூடாதே என்றார். மரபு என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? அந்த மரபுக்குள் யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? 'ஒடுக்கப்பட்டவனோட கோபம் அப்படித்தான் வரும், விடுங்க' என்று சொல்கிற தோழர்கள் இந்தக் கட்டுரையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அந்த வழக்கின் சத்தம் அடங்கவில்லை, 1991 ஜனவரி. டீ பார்ன்ஸ் என்பவர் ராப் பாடகி, 'பம்ப் இட் அப்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளர். என்.டபிள்யூ.ஏ. குழுவின் பேட்டியோடு, அதிலிருந்து பிரிந்துபோன ஐஸ் க்யூப் அவர்களைக் கிண்டலடிக்கிற காட்சியும் நிகழ்ச்சியில் சேர்ந்து ஒளிபரப்பானது. கோபம் ஆண்களுக்குள். அடி விழுந்தது பார்ன்ஸ் மேல். ஒரு விருந்தில் எல்லோர் கண்ணெதிரிலும் டாக்டர் ட்ரே அவரை அடித்தார். ட்ரே நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. 2500 டாலர் அபராதம், 240 மணி நேரச் சமூக சேவை. குழுவினர் பத்திரிகைப் பேட்டியில் அதை நியாயப்படுத்தியே பேசினார்கள். நேர்ப்பொருளா உருவகமா என்று பிரதியை வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விவாதிக்கலாம். இந்தக் கைக்கு என்ன உருவகம்?

2015இல் இதே குழுவைப் பற்றி 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' படம் வந்தது. போலீஸ் அராஜகம் இருக்கிறது, கம்பெனிக்காரனின் துரோகம் இருக்கிறது, பார்ன்ஸ் இல்லை. படத்தின் இயக்குநர் எஃப். கேரி கிரே அன்றைக்குத் தன் நிகழ்ச்சியின் ஒளிப்பதிவாளர். அந்தக் காட்சியைப் படம் பிடித்தவரே அவர்தான் என்று பார்ன்ஸ் எழுதினார். அந்த வாரமே ட்ரே, தான் காயப்படுத்திய பெண்களிடம் பொதுவாக மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். சித்திரிப்பு என்றால் பாட்டில் இருக்கிற வசையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வெட்டியெறியப்பட்டதை யார் எண்ணுவது?

பெண்கள் இதையெல்லாம் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் பொய். 1984இல் யூ.டி.எஃப்.ஓ. குழு, தங்களை மதிக்காத ராக்ஸான் என்கிற கற்பனைப் பெண்ணைப் பற்றிப் புலம்பிப் பாடியது. நியூயார்க் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பிலிருந்து 14 வயதுப் பெண் ஒருத்தி அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, ராக்ஸான் ஷான்ட்டேவாக, திருப்பிக் கொடுத்தார். பாடுபொருளாக இருந்தவள் பாடுகிற தன்னிலையாகிவிட்டாள். ராப்பில் ஆண்மொழியைக் கட்டுடைக்கிற வேலை பேராசிரியர்களுக்கு முன்னால் இங்கே தொடங்கிவிட்டது. 1993இல் குவீன் லத்தீஃபா 'யூனிட்டி'யில் தெருவில் கை வைப்பவனையும் வீட்டில் அடிப்பவனையும் சேர்த்தே கேள்வி கேட்டார். 1996இல் லில் கிம் வேறு வழி எடுத்தார்: ஆண் பாடுகிற காமத்தை அப்படியே பெண் பாடுவது. இது விடுதலையா, கம்பெனிக்காரன் போட்ட விலையா என்கிற சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

2020 ஜூலையில் மேகன் தி ஸ்டாலியனின் காலில் குண்டு பாய்ந்தது. ஆகஸ்டில் அவரும் கார்டி பியும் பாடிய பாட்டு வெளிவந்தது. உடனே அரசியல்வாதிகள் ஆபாசம், ஆபாசம் என்று கூவினார்கள். 1990இல் கேட்ட அதே குரல். அதே மாதம் சுட்டவன் யாரென்று மேகன் பெயரைச் சொன்னபோது அந்த வாய்கள் திறக்கவில்லை. ராப் உலகமோ பொய் சொல்கிறாள் என்று கேலி பேசியது. நவம்பரில் வெளிவந்த தொகுப்பின் முதல் பாட்டிலேயே மேகன் பதில் சொன்னார். டோரி லேனஸ் குற்றவாளி என்று ஜூரி சொல்ல 2022 டிசம்பர் ஆனது. பத்தாண்டுச் சிறைத் தண்டனை வந்தது 2023 ஆகஸ்டில்.