எழுத்துப்பிழை விரலில் தட்டுப்படும்: ஆர்பிட் ரீடர் 20, என்விடிஏ கூட்டணி எப்படி?

பார்வை மாற்றுத்திறனாளிகள் கணினியில் தமிழ் படிக்கப் பேசும் மென்பொருளே போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். செய்தி கேட்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் அது போதும்தான். எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ‘மனம்’, ‘மணம்’ இரண்டையும் செயற்கைக் குரலின் வேகத்தில் பிரித்தறிவது கடினம். ‘ந’வும் ‘ன’வும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். தேர்வெழுதும் மாணவருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியருக்கும் எந்த எழுத்து வந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். அந்த வேலைக்குத்தான், திரையிலுள்ள எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக விரலுக்கடியில் எழுப்பிக் காட்டும் பிரெயில் டிஸ்பிளே.

இந்தக் கருவிகளைத் தொட முடியாமல் வைத்திருந்தது விலை. வழக்கமான டிஸ்பிளேயில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில், மின்சாரம் பாய்ந்தால் வளைகிற ஒரு பீங்கான் பட்டை இருக்கும். புள்ளிகள் அடங்கிய ஒரு கட்டத்துக்குச் செல் என்று பெயர். 40 செல், செல்லுக்கு 8 புள்ளி என்றால் 320 பட்டைகள். அமெரிக்கச் சந்தையிலேயே 2,000 டாலருக்கு மேல் போகும். இந்த நிலையை மாற்றப் பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் ‘டிரான்ஸ்ஃபார்மிங் பிரெயில் குரூப்’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. ஆர்பிட் ரிசர்ச் நிறுவனம் அவர்களுக்காக வேறொரு தொழில்நுட்பத்தில் உருவாக்கி 2016-ல் அறிமுகப்படுத்தியதுதான் ஆர்பிட் ரீடர் 20. அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது விலை 500 டாலருக்குள் இருந்தது.

எடை சுமார் 450 கிராம். பள்ளிப் பையில் ஒரு பாடப்புத்தகத்தோடு போய்விடும். மேல்பக்கம் பிரெயில் தட்டச்சுக்கான விசைகள்; அவற்றின் நடுவே நான்கு திசை விசைகளும் ஒரு தேர்வு விசையும். முன்விளிம்பில் 20 செல் கொண்ட ஒரே வரி. அதன் இரு முனைகளிலும், அடுத்த வரிக்கும் முந்தைய வரிக்கும் போகும் விசைகள். கையை எடுக்காமலே கட்டைவிரல் நீட்டி வரியை நகர்த்தலாம்.

புள்ளிகள்தான் இதன் பெரிய பலம். அழுத்திப் படித்தாலும் உள்ளே அமுங்குவதில்லை. அறிவிப்புப் பலகையில் பொறித்த பிரெயில் போல உறுதியாக நிற்கின்றன. புதிதாகப் பிரெயில் கற்கும் குழந்தைக்கும், நடுவயதில் பார்வை இழந்து விரல் இன்னும் பழகாதவருக்கும் இது பெரிய உதவி. வேகமாகப் படிப்பவருக்கு ஒரு குறை தெரியும். வரி மாறும்போது சடசடவென்று ஓசை எழுகிறது. பழைய வகைக் கருவிகளைவிடச் சற்று நேரமும் பிடிக்கிறது. அமைதியான நூலகத்தில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கக்கூடும்.

கணினியோடு இணைப்பது எளிது. யுஎஸ்பி கம்பி வழியாகவும் புளூடூத் வழியாகவும் இணையும். விண்டோஸில் இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏ இதைத் தானாகவே கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாவிட்டால் என்விடிஏ விசையோடு கண்ட்ரோல், ஏ இரண்டையும் அழுத்தினால் கருவிகளின் பட்டியல் திறக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய மென்பொருள் இது. இதன் இடைமுகம் தமிழிலும் கிடைக்கிறது.

திரையிலுள்ள தமிழைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைப் பின்னணியில் செய்வது லிப்லூயி என்ற கட்டற்ற மென்பொருள். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஜான் பாயர் 2002-ல் தொடங்கி வைத்தது. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்றால் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலில், புள்ளி வைத்த எழுத்துக்கு முதலில் 4-ஆம் புள்ளி, பிறகுதான் மெய். ‘க்’ என்பது 4-ஆம் புள்ளி ஒரு செல், 1, 3 புள்ளிகள் அடுத்த செல். கணினியிலோ ககரம் முதலில், புள்ளி பின்னால். ‘கொ’ அச்சில் கொம்பும் காலுமாக எழுத்தின் இருபக்கமும் நிற்கும். பிரெயிலில் ககரத்துக்குப் பின் ஒகரம், அவ்வளவுதான். இந்த வரிசை மாற்றமெல்லாம் நொடிக்குள் நடந்து, விரலுக்குச் சரியான தமிழ் வந்து சேர்கிறது.

மேலே சொன்ன ‘மனம்’, ‘மணம்’ இங்கே எப்படித் தெரிகின்றன? னகரத்துக்கு 5, 6 புள்ளிகள். ணகரத்துக்கு 3, 4, 5, 6. பிரெயில் பழகிய விரலுக்கு இந்த வேறுபாடு தப்பவே தப்பாது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்துகொண்டே ஒரு கையால் சரிபார்க்கும் வசதி, காதை மட்டும் நம்பியிருந்தவருக்குப் பெரிய விடுதலை. எண்களிலும் குழப்பம் வரலாம் என்று தோன்றும்; எண் குறியும் அதே 3, 4, 5, 6 புள்ளிகள்தான். ஆனால் தமிழில் ணகரத்தில் தொடங்கும் சொல் கிடையாது. எனவே சொல்லின் தொடக்கத்தில் அது வந்தால் எண், நடுவில் வந்தால் எழுத்து என்று படிப்பவர் எளிதில் பிரித்துக்கொள்வார்.

சரி, 20 செல் போதுமா? ‘தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு சொற்கள் இடைவெளியோடு 16 செல்லைப் பிடிக்கின்றன. மூன்றாவது சொல்லுக்கு 8 செல் வேண்டும்; இடமில்லை, அடுத்த வரிக்குப் போகிறது. கடைசி இரண்டு சொற்களும் இரண்டாவது வரியில் 20 செல்லையும் மிச்சமில்லாமல் நிரப்புகின்றன. ஒரு அலுவலகத்தின் பெயருக்கே இரண்டு வரி. கதையோ கட்டுரையோ தொடர்ந்து படிக்க இது சிரமமில்லை. பத்தி பத்தியாகப் பட்டியல் போட்ட அரசாணையையோ மதிப்பெண் அட்டவணையையோ படிக்க 40 செல் இருந்தால்தான் சுகம்.

இருக்கிற இடத்தை மிச்சப்படுத்த என்விடிஏ-யின் பிரெயில் அமைப்புகளில் இரண்டு மாற்றங்கள் உதவும். ஒன்று, சொற்களைப் பாதியில் வெட்டாமலிருக்கும் தேர்வை இயக்கி வைப்பது. மற்றொன்று, சாளரத்தின் பெயர், பட்டியலின் பெயர் போன்ற பின்னணி விவரங்கள் பின்னோக்கி நகர்த்தினால் மட்டும் தெரியும்படி வைப்பது. இதைச் செய்யாவிட்டால் தேடி வந்த சொல் வரியின் கடைசியில் ஒண்டிக்கொண்டிருக்கும்.

பிழை திருத்தும்போதுதான் கருவியின் முக்கியமான குறை வெளிப்படுகிறது. விலை கூடிய டிஸ்பிளேக்களில் ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு சிறு பொத்தான் உண்டு. தவறான எழுத்தின் மேலுள்ளதை அழுத்தினால் கர்சர் அங்கே வந்து நிற்கும். ஆர்பிட் ரீடர் 20-ல் அது இல்லை. திசை விசைகளால் எழுத்தெழுத்தாக நகர்ந்து போக வேண்டும். நாள் முழுக்க மெய்ப்புப் பார்ப்பவருக்கு இது கையை வலிக்கச் செய்யும்.

ஆங்கிலமும் தமிழும் கலந்த பக்கங்களிலும் கவனம் தேவை. என்விடிஏ ஒரு நேரத்தில் ஒரு மொழிபெயர்ப்பு அட்டவணையைத்தான் பயன்படுத்துகிறது. ககரத்துக்கும் ஆங்கில ‘கே’ எழுத்துக்கும் புள்ளிகள் ஒன்றே என்பதால், தமிழ் அட்டவணையில் படிக்கும்போது இது எந்த மொழிச் சொல் என்பதைச் சூழலை வைத்தே ஊகிக்க வேண்டும். சுருக்கெழுத்து ஆங்கிலப் பிரெயில் பழகியவர் அட்டவணையை மாற்றிக்கொண்டே இருக்க நேரிடும்.

கணினி இல்லாமலும் இது வேலை செய்யும். எஸ்டி கார்டில் நூல்களைப் போட்டுக்கொண்டு பேருந்திலோ மொட்டைமாடியிலோ படிக்கலாம். ஆனால் இந்த மாடலுக்குள் மொழிபெயர்ப்பு மென்பொருள் கிடையாது. தமிழ்க் கோப்பைக் கணினியிலேயே பிஆர்எஃப் என்ற பிரெயில் கோப்பாக மாற்றி எடுத்து வர வேண்டும். பிரெயில் அச்சகங்கள் பயன்படுத்தும் டக்ஸ்பரி இதற்கான கட்டண மென்பொருள். வியட்நாமின் சாவ் மாய் மையம் உருவாக்கிய சாவ் மாய் பிரெயில் இலவசம். தாளில் அச்சிடுவதற்கான கோப்பு பெரும்பாலும் வரிக்கு 40 செல் என்று அமைந்திருக்கும். மாற்றும்போதே 20 என்று குறித்துவிட்டால் வரிகள் தாறுமாறாக உடையாது.

பிரெயில் கற்கும் மாணவர், நிறையப் படிப்பவர், தன் தமிழ் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புபவர் மூவருக்கும் ஆர்பிட் ரீடர் 20 தயங்காமல் பரிந்துரைக்கத் தக்கது. அலுவலகத்தில் கோப்புகளைத் திருத்துவதே வேலை என்றால் கர்சர் பொத்தான்கள் உள்ள 40 செல் கருவிக்குக் காத்திருப்பது நல்லது. எதை வாங்கினாலும் கடைக்குப் போகும்போது சொந்தத் தமிழ்க் கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். அதில் ‘அக்கா’, ‘கொடி’, ‘மணம்’ மூன்றும் இருக்கட்டும். அவற்றை விரலால் படித்துப் பார்த்துத் திருப்தியான பிறகு விலை பேசுங்கள்.